பள்ளிச் சுவருக்கு எந்தப் பகா எண்?

வரும் டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்த நாளன்று, கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியின் நீண்ட சுவரில், சேர்வராயன் மலையைப் பார்த்த பக்கத்தில், ஒரு பெரிய பகா எண்ணை எனாமல் பெயிண்டால் எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. எந்த எண் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு கணித மன்றத்திடம் விடப்பட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் முன்மொழிந்தவற்றில் ஐந்து எண்கள் கடைசிவரை நின்றன. அவற்றின் கணிதப் பண்புகளையும், அவை பகா எண்கள்தாம் என்று நிறுவும் வழிகளையும் ஒப்பிட்டு நான் எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். இதே போன்ற ஒரு சுவர் உங்கள் பள்ளியிலும் இருக்கக்கூடும்.

சென்ற ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்த ஒப்பீட்டுக்கான அளவுகோல் அங்கிருந்துதான் கிடைத்தது. கண்காட்சிக்காக 2¹²⁷ − 1, அதாவது 170141183460469231731687303715884105727 என்ற 39 இலக்க எண்ணை ஃப்ளெக்ஸில் அச்சடித்து வாசலில் கட்டியிருந்தோம். மதியத்துக்கு மேல், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன் முன் நின்று, ஒவ்வோர் இலக்கத்தையும் விரலால் தொட்டு முணுமுணுத்துக் கூட்டிக்கொண்டே போய், கடைசி 7-இல் விரலை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், இது மூணால வகுபடுது" என்றாள். கூட்டுத்தொகை 159 வருகிறது என்றாள். நானும் கூட்டினேன், 159-தான். 159 மூன்றின் மடங்கு, ஆகவே எண்ணும் மூன்றின் மடங்கு. சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 154 வர வேண்டும். அச்சில் ஓரிடத்தில் 3-க்குப் பதிலாக 8 விழுந்திருந்தது. காலையிலிருந்து அந்த வாசலைக் கடந்த எவரும், அதைக் கட்டிய ஆசிரியர்களாகிய நாங்களும், ஆறாம் வகுப்பில் படித்த அந்த எளிய சோதனையைக்கூடச் செய்து பார்க்கவில்லை. எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீடுகளிலிருந்து வருகிறவர்கள். உரைத்துப் பார்க்காத வெள்ளிக்கு அந்த வீடுகளில் விலை பேசமாட்டார்கள். உரைத்துப் பார்க்காத எண்ணுக்கு நாங்கள் மட்டும் பந்தல் போட்டிருந்தோம்.

எனவே இந்த ஆண்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். சுவரில் ஏறும் எண் பகா எண் என்பதை, எங்கோ படித்த ஒரு வரியை நம்பி ஏற்காமல், மன்றத்தில் இருக்கும் நாற்பது மாணவர்களும் தாங்களே முழுமையாக நிறுவியிருக்க வேண்டும். இரண்டு மாதத்து வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளை எங்களுக்குக் கிடைக்கும். அழகு, புகழ், நீளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாணவர்கள் அதிகம் கேட்டது 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. 2024 அக்டோபரில் இது அறிவிக்கப்பட்டபோது, அதுவரை அறியப்பட்ட எல்லாப் பகா எண்களிலும் பெரியதாக இருந்தது. இதில் இருப்பவை 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கம் என ஊணுறக்கமின்றி வாசித்தாலும் முடிக்க ஏறக்குறைய 475 நாள் ஆகும். பக்கத்துக்கு 2500 இலக்கம் என அச்சடித்தால் 16 ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். லூக் டுரான்ட் என்பவர் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த வரைகலைச் செயலிகளின் துணையோடு, ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலின் வழியாக இதைக் கண்டார். அடுக்கு வடிவில் எழுதினால் சுவரில் ஓரடி இடம் போதும் என்பது உண்மைதான். ஆனால் மாணவர்கள் இதைப் பற்றித் தாமே நிறுவக்கூடியது மிகக் கொஞ்சம். 2-இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்கள், 2²-இல் தொடங்கி 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன. 136279841-ஐ 20 ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் 2²¹-இன் 52-தான். ஒன்று குறைத்தால் 51. பத்தாம் வகுப்புப் பாடத்தின் மட்டு எண்கணிதம் இவ்வளவு தூரம் கொண்டுவிடும் என்பதே மகிழ்ச்சிக்குரியது, இதை வகுப்பில் செய்தும் காட்டினேன். கடைசி இரண்டு இலக்கம் தெரிவது வேறு, அது பகா எண் என்று தெரிவது வேறு. நிபந்தனைப்படி இது முதலிலேயே விலகுகிறது.

357686312646216567629137 என்ற 24 இலக்க எண்ணும் விரைவில் விலகுகிறது. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக அழித்துக்கொண்டே வந்தால், எஞ்சுவது ஒவ்வொரு முறையும் பகா எண்ணாகவே இருந்து, கடைசியில் 137, 37, 7 என்று முடியும். பூஜ்யம் இல்லாத எண்களில் இத்தகைய பண்புடைய மிகப் பெரிய எண் இதுதான். வலப்பக்கத்திலிருந்து மட்டும் அழிக்கும்போது பகா எண்ணாகவே நிற்பவற்றில் மிகப் பெரியது 73939133. பார்க்க வியப்பாக இருக்கும் இந்தப் பண்பு, எண்ணுக்கு உரியது என்பதைவிட நாம் அதைப் பத்து இலக்கங்களால் எழுதும் முறைக்கு உரியது என்றே சொல்ல வேண்டும். வேறு அடிமானத்தில் எழுதினால் மறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்தப் பண்பு அதன் பகாத்தன்மையை நிறுவ ஒரு துரும்பளவும் உதவுவதில்லை. ஓர் எண்ணின் சிறப்பு வடிவமே அதன் சான்றுக்கும் வழி திறக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். எஞ்சிய மூன்று எண்களிலும் அது நடக்கிறது.

அவற்றுள் முதலாவது, 1 என்ற இலக்கத்தைப் பத்தொன்பது முறை வரிசையாக எழுதினால் வரும் 1111111111111111111. ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் பேசத் தொடங்கினாலே பிள்ளைகள் தாமாக வகுத்துப் பார்க்கிறார்கள். 11 பகா எண். 111 என்பது 3 × 37. 1111 என்பது 11 × 101. 11111 என்பது 41 × 271. ஏழு ஒன்றுகள் 239 × 4649 ஆகப் பிரியும். ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணானால் முழு எண்ணும் பிரிந்துவிடும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். ஆனால் எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் 3, 5, 7 காட்டிவிடும். 11-க்குப் பிறகு அடுத்த பகா எண் வருவது பத்தொன்பது ஒன்றுகளில்தான். அதை அடுத்தது இருபத்து மூன்று ஒன்றுகளில்.

இதை வகுத்துப் பார்த்து நிறுவ முடியுமா? இதன் பகா வகுத்தி எதுவானாலும் அது 38-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க முடியும். ஆனால் வர்க்கமூலம் 105 கோடியைத் தாண்டுவதால், சோதிக்க வேண்டிய எண்கள் 2 கோடியே 77 லட்சம் அளவுக்கு வந்துவிடுகின்றன. இன்னொரு வழி இருக்கிறது. ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வருவதன் பகாக் காரணிகள் எல்லாம் தெரிந்திருந்தால், அவற்றைக் கொண்டே அந்த எண்ணின் பகாத்தன்மையை நிறுவிவிடலாம் என்பது பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் காட்டிய வழி. இங்கே ஒன்றைக் குறைத்தால் பதினெட்டு ஒன்றுகளும் ஒரு பூஜ்யமும். பதினெட்டு ஒன்றுகளை ஒன்பது ஒன்றுகள், 1000000001 என்ற இரண்டின் பெருக்கமாகப் பிரிக்கலாம். முன்னது 3 × 3 × 37 × 333667. பின்னது 7 × 11 × 13 × 19 × 52579. எண்ணின் வடிவமே காரணிகளைத் தட்டில் வைத்து நீட்டுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆயினும் அடுத்த படியில் 19 இலக்க எண்களை மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி மீதி காண வேண்டும், அது கையால் ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் படிக்கும் மாணவர்களும் கணினி அறையும் உள்ள பள்ளிக்கு இந்த எண்ணையே பரிந்துரைப்பேன். எங்கள் மன்றத்தில் ஒன்பதாம் வகுப்பினர்தான் பாதிக்கு மேல்.

அடுத்தது, சென்ற ஆண்டு தவறாக அச்சான அதே 2¹²⁷ − 1. அதைச் சரியாக எழுதிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதன் வரலாறும் பெரிது. 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்த எண்களில் எவை பகா எண்கள் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 67, 257 ஆகிய அடுக்குகள் தவறு, 61, 89, 107 விடுபட்டுப் போயின, 127 சரி. அது சரி என்று 1876-இல் லூக்காஸ் காட்டினார். அதன் பிறகு 1951 வரை, 75 ஆண்டுகள், இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அறியப்படவில்லை. இயந்திரத் துணை ஏதுமின்றி நிறுவப்பட்டவற்றுள் இன்றும் இதுவே மிகப் பெரியது. 2, 3, 7, 127 என்று ஒவ்வொன்றையும் அடுக்காக வைத்து ஒன்று குறைத்தால் அடுத்தது கிடைக்கும் வரிசையில் இது ஐந்தாவது என்பதும் ஓர் அழகு.

லூக்காஸ் வகுத்த சோதனை, பின்னர் லேமர் செம்மைப்படுத்திய வடிவில், வியக்கத்தக்க எளிமை உடையது. 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2 குறையுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பின் மீதி 0 ஆனால் அது பகா எண், இல்லையேல் பகு எண். 2⁷ − 1 = 127-க்கு ஐந்து தடவை: 4-லிருந்து 14; 14-லிருந்து 194, அதில் 127 போக 67; 67-லிருந்து 4487, மீதி 42; 42-லிருந்து 1762, மீதி 111; 111-லிருந்து 12319, அது சரியாக 127 × 97. மீதி 0. கரும்பலகையில் கடைசி வரியில் அந்த 0 விழும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன்.

இதே சோதனை 2¹²⁷ − 1-க்கு 125 படிகள், ஒவ்வொன்றிலும் 39 இலக்க எண்ணின் வர்க்கம். உழைப்பு மட்டுமே தடையானால் நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் இந்த உழைப்பைப் பகிர முடியாது. ஒரு படியின் விடை இல்லாமல் அடுத்த படி தொடங்காது. எங்கோ ஓர் இலக்கம் பிசகினால் அதற்குப் பின் வருவன அனைத்தும் பாழ். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வரிசையாகக் கடந்துதான் மேலே போக முடியும், பத்தாம் வளைவை ஒருவரும் பதினோராம் வளைவை இன்னொருவரும் ஒரே நேரத்தில் ஏறித் தர முடியாது; இந்தச் சோதனையும் அப்படித்தான். இன்னொரு குறையும் எனக்குப் படுகிறது. இந்தச் சோதனை ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும். 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்காஸ் 1876-இலேயே காட்டிவிட்டார், அதன் காரணிகளைக் காட்டவில்லை. 1903-இல் கோல் என்பவர் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டும்வரை அவை வெளிவரவில்லை. அத்துடன் இந்தச் சோதனை ஏன் செல்லும் என்பதற்கான நிரூபணம் பள்ளி மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதைச் செய்யலாம், ஆனால் நம்பித்தான் செய்ய வேண்டும். என் நிபந்தனை தடுப்பது அதைத்தான்.

கடைசியாக 2³¹ − 1, அதாவது 2147483647. பத்து இலக்கம்தான்; மற்றவற்றோடு வைத்தால் சிறியது என்று ஒரு மாணவன் முகம் சுளித்தான். ஆனால் ஒரு காலத்தில் உலகம் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியது இதுதான். 1772-இல் கணித மேதை ஆய்லர் இதை நிறுவியதாக ஒரு கடிதத்தில் எழுதினார். 1867-இல் லாண்ட்ரி 3203431780337-ஐக் காணும்வரை இதுவே முதலிடத்தில் இருந்தது. இதையும் 2³⁰-ஐயும் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவு எண், அதாவது தன்னை விடுத்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண், கிடைக்கும். அதைவிடப் பெரிய நிறைவு எண்ணை இனி எவரும் காணப்போவதில்லை என்று பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார், அவர் கணிப்பு பொய்த்தது. இரும முறையில் இது முப்பத்தொரு ஒன்றுகள். 32 பிட் கணினியில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் அத்தகைய கணினிகளில், நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை இந்தப் பகா எண்ணைத் தொட்டு நிரம்பிவிடும்.

இவையெல்லாம் அதன் பெருமைகள். நான் அதைத் தேர்ந்தது அதன் சான்றுக்காக. சாதாரணமாகப் பார்த்தால், வர்க்கமூலமான 46340 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கு மேல். ஆய்லர் இதைக் குறைத்த விதத்தை எங்கள் மாணவர்களால் முழுமையாகப் பின்தொடர முடியும். இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 2-இன் அடுக்குகளை அந்த வகுத்தியால் வகுத்து மீதிகளைப் பார்த்தால், 31-ஆம் அடுக்கில் மீதி 1 ஆகும். 31 பகா எண் என்பதால் அதற்கு முன் எங்கும் 1 ஆகியிருக்க முடியாது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, வகுத்தியைவிட ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1. ஆகவே வகுத்தியில் ஒன்று குறைத்தது 31-இன் மடங்கு. வகுத்தி ஒற்றை எண்ணாதலால் அது 62-இன் மடங்கும் ஆகும். இந்த ஒரு பத்தியில் நாலாயிரம் பகா எண்கள் இருந்த இடத்தில் 63, 125, 187 என 62-க்கு ஒன்றாக வரும் 747 எண்கள் மட்டுமே எஞ்சுகின்றன.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2¹⁶-இன் வர்க்கமான 2³²-இன் மீதி 2 என்பதால், 2 என்பது அந்த வகுத்தியைப் பொறுத்தவரை ஒரு வர்க்கத்தின் மீதி. அப்படியானால் வகுத்தியை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வர முடியும். இரண்டையும் சேர்த்தால் வகுத்தி 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோ மட்டுமே இருக்கும். 46340-க்குள் அத்தகையவை, 63-ஐ நீக்கினால், 372. இங்கேதான் நான் நீண்ட நேரம் தயங்கினேன். முதல் சல்லடையின் காரணத்தை ஒன்பதாம் வகுப்பினருக்கு ஒரே பாடவேளையில் விளக்கிவிடலாம். இரண்டாவதற்கு, ஓர் எண் வர்க்கத்தின் மீதியா என்று கண்டறிய உதவும் காஸின் துணைத்தேற்றம் வேண்டும். அதைச் சொல்லாமல் பயன்படுத்தினால் என் நிபந்தனையை நானே மீறியவன் ஆவேன். இரண்டாம் சல்லடையே வேண்டாம் என்று 747-ஆலும் வகுக்கலாம், அதுவும் முழுமையான சான்றுதான். இறுதியில், இரண்டு வெள்ளிக்கிழமைகளை அந்தத் துணைத்தேற்றத்துக்கு ஒதுக்கி, சிறிய எண்களில் செய்து காட்டி நிறுவிய பிறகே 372-க்கு இறங்குவது என்று முடிவு செய்தேன். வகுத்தல் பாதியாகக் குறைகிறது என்பதைவிட, ஏன் குறைகிறது என்று அவர்கள் அறிவது எனக்கு முக்கியம்.

372-இல் 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளை நீக்கினால் 170 அளவில் நிற்கும். அவற்றில் உண்மையான பகா எண்கள் எண்பது சொச்சம்தான்; ஆயினும் அவற்றைப் பிரித்தெடுக்கும் உழைப்புக்கு நேராக வகுத்துவிடுவதே மேல். ஒவ்வொரு வகுத்தலையும் இருவர் தனித்தனியே செய்ய வேண்டும் என்று வைத்தாலும் ஆளுக்கு எட்டு அல்லது ஒன்பது வரும். லூக்காஸ் சோதனையிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான்: ஒரு வகுத்தல் மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை, ஒருவரின் பிழை அவரது தாளோடு நிற்கும், அடுத்தவர் கண்டு திருத்திவிடலாம்.

முதலில் வரும் பகா எண் 311. வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. இதைச் சரிபார்க்க வேறு வழியும் இருக்கிறது. 2⁸ = 256, அதாவது 311-க்கு 55 குறைவு; ஆகவே மீதியை −55 என்று கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 3025. 2¹⁶-இன் மீதி −85. இரண்டையும் பெருக்கினால் 4675. 2²⁴-இன் மீதி 10. அதை 2⁷ = 128 ஆல் பெருக்கினால் 1280; மீதி 36. ஒன்று குறைத்தால் 35. பத்து இலக்க வகுத்தலும் இந்த நான்கு வரிக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இருவரில் ஒருவர் நீள்வகுத்தலாகவும் மற்றவர் இப்படியும் செய்வது என்று ஏற்பாடு. 311-க்குப் பின் 1303, அதன் பின் 1489.

சுவரில் பத்து இலக்கங்களும் ஓரடி உயரத்தில் வரும். அவற்றின் கீழே, வகுத்த எண்ணும் அதன் மீதியும் சிறிய எழுத்தில் வரிசையாக, எந்த மீதியும் 0 அல்ல என்பதை எவரும் தொட்டுப் பார்க்கக்கூடிய உயரத்தில் எழுதப்படும். செய்தவர் இருவரின் முதலெழுத்துகளும் பக்கத்தில் இருக்கும். சென்ற ஆண்டு 159 என்று கூட்டிச் சொன்ன மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பில் மன்றத்தில் சேர்ந்திருக்கிறாள். 311 அவளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுதி முடித்த அன்று, பெயிண்ட் காய்வதற்கு முன், பத்து இலக்கங்களையும் கூட்டி 46 வருகிறதா என்று பார்க்கும் வேலையும் அவளுடையதுதான்.